புளிஞ்சிக்காய் ஜூஸ் குடிச்சா பிரஷர் இறங்குமா? எங்க அம்மை பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டா

#1 தக்கலைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா வாசிச்சிட்டுப் போறவன்தான். இப்ப ஒரு இக்கட்டு, அதான் எழுதுதேன்.

எனக்க அம்மைக்கு 61 வயசு. ரெண்டு வருசமா பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, காலையில ஒண்ணு. போன வாரம் ஒரு கல்யாண வீட்டுல சித்தி சொல்லியிருக்கா: "புளிஞ்சிக்காய் ஜூஸ் குடிக்கா, கொழுப்பும் கரையும், பிரஷரும் இறங்கும். இவருக்கு மாத்திரையே நின்னுபோச்சு பாத்துக்க." எங்க கிணத்தடியில ஒரு மரம் நிக்கி. தடி மூட்டுலேருந்து கொம்பு வரைக்கும் கொத்துக் கொத்தா காய். கேக்கவா வேணும்? அஞ்சு நாளா காலையில ரெண்டு கை காயை மிக்ஸியில அடிச்சு, துணியில வடிச்சு, வெறும் வயித்துல ஒரு பெரிய டம்ளர். சாயங்காலம் ஒரு இளநி. மாத்திரை நாலு நாளா கிடையாது. மாத்திரை அட்டையை எண்ணிப் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது.

நேத்து மெடிக்கல் ஸ்டோருக்குக் கூட்டிட்டுப் போய் பாத்தேன். 168/96. கேட்டா, "மாத்திரை கெமிக்கல். இது நம்ம வீட்டு மரத்துக் காய். இது என்ன செய்யப்போகு?"ங்கா.

இந்தக் காய்க்கும் பிரஷருக்கும் உண்மையிலேயே ஏதாவது உண்டா? இல்லன்னா வேற எந்தக் காய், கீரை குடுக்கலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 மட்டிப்பழம்

அதை ஜூஸ் போட்டுக் குடிக்காங்களா? ஒரு காய் கடிச்சாலே பல்லு கூசி ரெண்டு நாளைக்குச் சோறு திங்க முடியாது. நாங்க பிலிம்பின்னு சொல்லுவோம். நெத்திலிக் குழம்புக்கு நாலு காய் கீறிப் போடுவா எங்க அம்மை. அதுக்கு மேல அதுக்கு வீட்டுல ஒரு வேலையும் கிடையாது.

பிரஷருக்கு வாழைப்பழம் நல்லதுன்னு கேட்டிருக்கேன். நம்ம ஊர்ல பழத்துக்கா பஞ்சம்!

#3 கசாயப்பாட்டா

தம்பி, பயப்படாதீங்க. மாத்திரைங்கிறது இன்னைக்கு நேத்து வந்தது. எங்க பாட்டா 92 வயசு வரைக்கும் மாத்திரையே தொட்டதில்ல. காலையில முருங்கையிலைச் சாறு, மத்தியானம் துவரன், ராத்திரி நாலு பல் வெள்ளப்பூடு சுட்டுத் தின்பாவ. செம்பருத்திப்பூ அஞ்சு இதழ் கொதிக்க வச்சுக் குடிச்சா ரத்தம் இளகும். புளிஞ்சிக்காயும் நல்லதுதான். உடம்பு பழகுறதுக்கு ஒரு மண்டலம் ஆகும். அதுக்குள்ள மிஷின் காட்டுற நம்பரைப் பாத்துப் பதறப்பிடாது.

#4 ரப்பர்பால்

தக்கலை அண்ணே, ஜூஸை இப்பவே நிறுத்துங்க. மேல சொன்ன பாட்டா கோவிச்சாலும் செரி.

நான் குலசேகரம் பக்கம், பால்வெட்டு. மூணு வருசம் முன்ன எங்க மாமனாரு கொலஸ்ட்ரால் கூடுதல்னு இதே ஜூஸை ஆரம்பிச்சாரு. கேரளா எல்லையோரம் இல்லியா, அங்கயிருந்து வந்த யோசனை. அவரு எதையும் அரைகுறையா செய்ய மாட்டாரு. ஒரு டம்ளர் நல்லதுன்னா ரெண்டு டம்ளர். ரெண்டாம் நாள் இடுப்பு வலி. தோட்டத்துல குனிஞ்சு நிமிர்ந்ததுன்னு நெனச்சோம். அப்புறம் வாந்தி. நாலாம் நாள் மூத்திரம் ஒரு சொட்டு வரல்ல. முகம் அப்பம் மாதிரி வீங்கிப்போச்சு. முதல்ல காட்டின இடத்துல கேஸ் டிரபிள்னு சொல்லி ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. ரெண்டாவது போன இடத்துலதான் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, "என்ன தின்னாரு, என்ன குடிச்சாரு"ன்னு துருவித் துருவிக் கேட்டாங்க. ஜூஸ் விசயம் யாருக்கும் வாயில வரல்ல. அது சாப்பாடுதானே, அதை யாரு சொல்லுவா? கடைசியில எங்க மாமிதான் சொன்னா.

அஞ்சு தடவை டயாலிசிஸ். பெறவு கிட்னி பைய திரும்பி வந்துது. இப்ப ஆளு நல்லா இருக்காரு, மரத்தை மட்டும் மூட்டோட வெட்டிட்டாரு.

#5 ஓய்வுகம்பவுண்டர்

ரப்பர்பால் தம்பி எழுதியது மிகைப்படுத்தல் இல்லை. 34 வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

புளிஞ்சிக்காயின் அந்தப் பல்கூச்சப் புளிப்புக்குப் பெரிய காரணம் ஆக்சாலிக் அமிலம். குழம்பில் நாலு காய் போட்டு, அதை வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டால் ஒருவருக்குப் போவது சொற்பம். அதையே இருபது முப்பது காயாகப் பிழிந்து, சக்கையை எறிந்துவிட்டு, வெறும் வயிற்றில் குடித்தால் நிறைய ஆக்சாலேட் (அந்த அமிலத்தின் உப்பு) ஒரே நேரத்தில் ரத்தத்துக்குப் போகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றப் பார்க்கும். அங்கே கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகி, நுண்ணிய குழாய்களை அடைத்துவிடும். கேரளத்து மருத்துவர்கள் 2013இல் சிறுநீரக மருத்துவ இதழில் இப்படிப்பட்ட 10 பேரைப் பற்றி எழுதினார்கள். எல்லாரும் இந்தக் காய்ச் சாற்றைக் குடித்தவர்கள். 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. இதே குடும்பத்து நட்சத்திரப்பழமும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது.

தக்கலைத் தம்பி, இன்றைக்கே செய்ய வேண்டியது: ஜூஸ் நிறுத்தம், இளநீரும் நிறுத்தம், டாக்டரிடம் போய் ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் (இரண்டும் சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும்), பொட்டாசியம் பார்ப்பது. குடித்த கதையை மறைக்காமல் சொல்லுங்கள். விட்ட நாலு நாளுக்கும் சேர்த்து மாத்திரையை விழுங்கச் சொல்லிவிடாதீர்கள், அப்படிச் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். டெல்மிசார்டனை எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து அவர் சொல்லட்டும்.

இளநீரை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று பிறகு எழுதுகிறேன். முதலில் புறப்படுங்கள்.

#6 தக்கலைக்காரன்

போய்ட்டு வந்தாச்சு. கிரியாட்டினின் 1.4. ஆறு மாசம் முன்ன எடுத்த சீட்டைத் தேடிப் பிடிச்சேன், அதுல 0.9. பொட்டாசியம் 5.2, கொஞ்சம் கூடுதல்னு சொன்னாரு. டெல்மிசார்டனை இப்ப வேண்டாம்னு வச்சுட்டு அம்லோடிபின் 5 எழுதியிருக்காரு. நல்லா தண்ணி குடிக்கணும், மூத்திரம் குறையுதான்னு பாத்துக்கணும், அஞ்சு நாள்ல திரும்ப ரத்தம்.

அம்மை திரும்பி வர்ற வழியெல்லாம் பேசல்ல. வீட்டுக்கு வந்ததும் மிக்ஸி ஜாரைக் கழுவிக் கவுத்தி வச்சா.

ரப்பர்பால் அண்ணே, ஒங்களுக்கு எப்படி நன்றி சொல்லன்னு தெரியல்ல.

#7 கசாயப்பாட்டா

அம்மை நல்லா இருக்கட்டும். புளிஞ்சிக்காய் விசயத்துல நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிடுதேன். சாறா குடிச்ச பழக்கம் எங்க பாட்டாவுக்குக் கிடையாது, நானா சேத்துச் சொன்னது.

ஆனா ஒரு காய் கெட்டதுன்னா எல்லாச் செடியும் கெட்டதுன்னு ஆகாது. சர்ப்பகந்தா வேரு பிரஷருக்குக் குடுக்கிறது நம்ம மலையோர வைத்தியர்களுக்கு எப்பவோ தெரியும். அதை இங்கிலீஷ் மருந்துக்காரங்களே எடுத்துக்கிடலியா? கம்பவுண்டர் ஐயா இல்லன்னு சொல்லட்டும் பாப்போம்.

#8 ஓய்வுகம்பவுண்டர்

இல்லையென்று சொல்லமாட்டேன் பாட்டா. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் சர்ப்பகந்தா பற்றி எழுதினார். அதுவரை வெளியுலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. 1950களில் பிரஷருக்கு உலகம் முழுக்க ஓடிய மாத்திரை அது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் சீட்டில் எழுதி வரும்.

ஆனால் கூடவே என்ன வந்தது தெரியுமா? மூக்கடைப்பு, தூக்கக் கலக்கம், சிலருக்குக் கடுமையான மனச்சோர்வு. அளந்து கொடுத்த மாத்திரையிலேயே அப்படி. வேரில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது செடிக்குச் செடி மாறும். அது சமையலுக்கான பொருளே இல்லை. கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரியில் படித்த மருத்துவர் பார்த்து எழுதினால் அது வேறு சங்கதி. முற்றத்தில் பிடுங்கி இடிப்பது வேறு சங்கதி.

செடி வேலை செய்யாது என்பது என் கட்சி அல்ல. வேலை செய்கிறது என்றால் அதற்கும் அளவு உண்டு என்பதுதான்.

#9 மட்டிப்பழம்

அப்ப வாழைப்பழம்? இளநி? அதுக்குப் பதில் வரலியே ஐயா.

#10 ஓய்வுகம்பவுண்டர்

மன்னிக்கவும், பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போய்விட்டேன்.

பொட்டாசியம் சிறுநீரகத்தைக் கூடுதலாகச் சோடியத்தை வெளியேற்ற வைக்கும், ரத்தக்குழாய் சுவர்களும் கொஞ்சம் இளகும். அதனால் பிரஷர் இறங்கும். இது நன்றாக நிரூபணமானது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைந்தது 3,510 மி.கி. பொட்டாசியம் உணவிலிருந்து கிடைக்க வேண்டும் என்கிறது. வாழைப்பழத்தில் 100 கிராமுக்கு சுமார் 360 மி.கி. இளநீரில் 100 மில்லிக்கு சுமார் 250. மரச்சீனி, சேனை, சிறுகிழங்கு, சீனிக்கிழங்கு, முருங்கையிலை, தண்டங்கீரை, பயறு எல்லாவற்றிலும் உண்டு. வடசேரி சந்தையில் ஒரு சுற்று வந்தால் பைக்குள் வந்துவிடும். மாத்திரை டப்பாவில் வாங்க வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே? டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் இவையெல்லாம் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும் மருந்துகள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் இரண்டு பழத்தாலும் ஒரு இளநீராலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது அதே இளநீர் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே குழப்பும். தக்கலை அம்மாவுக்கு இந்த இரண்டு வாரம் அந்த நிலைமை. எப்போதைக்கும் அல்ல.

#11 தொட்டிப்பாலம்

நான் நர்ஸ், இப்ப மஸ்கட்ல. சொந்த ஊரு திருவட்டாறு பக்கம். யாரும் கேக்காத ஒண்ணைக் கேக்கேன். தக்கலைத் தம்பி, அந்த 168/96 எப்படிப் பாத்தது? பஸ்ஸைவிட்டு இறங்கி, வெயில்ல நடந்து, கடைப் படி ஏறின உடனேயா? பாக்கும்போது அம்மை சித்தியைப் பத்திச் சொல்லிட்டே இருந்தாங்களா?

#12 தக்கலைக்காரன்

அக்கா, நீங்க பக்கத்துல நின்ன மாதிரி சொல்லுதியளே! படி ஏறி வந்த உடனே நின்ன வாக்குல பாத்தது. சேலைக் கைக்கு மேலேயே பட்டையைக் கட்டினான். அம்மை பேசிட்டேதான் இருந்தா.

#13 தொட்டிப்பாலம்

அதுல பத்து இருபது காத்துல போன கணக்கு. மாத்திரை விட்டதால ஏறினது உண்மையா இருக்கும், ஆனா எவ்வளவுன்னு அந்த நம்பரை வச்சுச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு ஒரு மிஷின் வாங்குங்க, கைமேல்புறத்துல கட்டுறது, மணிக்கட்டுல கட்டுறது வேண்டாம். மூத்திரம் போய்ட்டு வரச் சொல்லுங்க. முதுகு சாஞ்சு, ரெண்டு பாதமும் தரையில, கால் மேல கால் போடாம அஞ்சு நிமிசம் சும்மா இருக்கணும். காப்பி குடிச்சு அரை மணிக்கூராவது ஆகியிருக்கணும். கை மேசை மேல, பட்டை நெஞ்சு உயரத்துல, துணிக்கு மேல கட்டப்பிடாது. வாய் திறக்கப்பிடாது, சீரியல் ஓடப்பிடாது. ரெண்டு தடவை பாத்து ரெண்டையும் எழுதுங்க. வீட்டுல பாக்கிற சராசரிக்கு 135/85தான் கோடு.

எந்தக் கீரை வேலை செய்யுதுங்கிற சண்டையெல்லாம் அதுக்கு அப்புறம். அளக்கத் தெரியாம மருந்து தேடுனா, காலையில குடிச்ச கசாயத்தால சாயங்காலம் இறங்கினது மாதிரிதான் தோணும். பிரஷர் ஒரு நாளைக்குள்ளேயே தானா ஏறும், தானா இறங்கும்.

#14 குளச்சல்கரை

எல்லாரும் என்ன சேக்கணும்னுதான் பேசுதிய. எதை எடுக்கணும்னு யாரும் கேக்கல. எனக்க அப்பனுக்கு ஆசாரிப்பள்ளத்துல டாக்டர் முதல்ல கேட்ட கேள்வி, "கருவாடு வாரத்துல எத்தனை நாள்?" அப்பன் திருப்பிக் கேட்டாரு, "கருவாடு இல்லாத நாள் எத்தனைன்னு கேளுங்கோ."

கஞ்சி, சுட்ட வாளைக் கருவாடு, உப்புமாங்காய். இது எங்க வீட்டு ராத்திரிச் சாப்பாடு. எத்தனை முருங்கை இலை போட்டு அதைக் கழுவ முடியும் சொல்லுங்க.

#15 தக்கலைக்காரன்

குளச்சல்கரை சொன்னது மண்டையில ஏறிடுச்சு. எங்க வீட்டுல நாலு பேரு. உப்பு பாக்கெட் எப்ப வாங்கினோம்னு பலசரக்குக் கடைப் பற்று நோட்டைப் பாத்தேன். ஒரு கிலோ பாக்கெட் 20 நாள் வருகு. 1000 கிராமை 80ஆல வகுத்தா ஆளுக்கு ஒரு நாளைக்கு 12.5 கிராம்! மீன் கழுவினது, கிழங்கு வேகவச்சு வடிச்ச வெள்ளம், மாங்காய் உப்புல போட்டது எல்லாம் கழிச்சாலும் ஒம்பது பத்து வரும்னு நெனைக்கேன். கணக்கு சரியா?

#16 ஓய்வுகம்பவுண்டர்

சபாஷ். கணக்கு சரி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது தட்டித் தடவிய ஒரு தேக்கரண்டி. அதில் கருவாடு, ஊறுகாய், பப்படம், மிக்சர், பிஸ்கட் எல்லாமே அடக்கம். பப்படத்தில் உப்போடு பப்படக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான். ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் இலையில் ஒன்று விழட்டும், தினம் வேண்டாம்.

நாளுக்கு நாலைந்து கிராம் உப்பைக் குறைத்தால் பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 5 அளவு இறங்கும். 1997இல் அமெரிக்காவில் 459 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். உப்பை எல்லாருக்கும் ஒரே அளவில் வைத்துவிட்டு, ஒரு சாராருக்கு மட்டும் காய், பழம், கொழுப்பு குறைந்த பால், பயறு என்று தட்டையே மாற்றினார்கள். எட்டு வாரத்தில், ஏற்கனவே பிரஷர் இருந்தவர்களுக்கு மேல் எண் 11 சொச்சமும் கீழ் எண் 5 சொச்சமும் இறங்கியது. ஒரு மாத்திரைக்குச் சமம். அதில் எந்த ஒரு காயும் நாயகன் இல்லை. அவியல் மாதிரி, எல்லாம் சேர்ந்து செய்த வேலை.

நம்ம ஊர் அவியலும் துவரனும் எரிசேரியும் அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. உப்பும் தேங்காயும் மட்டும் கை அடங்க வேண்டும்.

#17 மட்டிப்பழம்

தேங்காயில கை வைக்காதீங்க ஐயா, ஈத்தாமொழிக்காரங்க சண்டைக்கு வருவாங்க 😄

ஒரு சந்தேகம். சாதா உப்புக்குப் பதிலா இந்துப்பு போட்டா எவ்வளவு வேணும்னாலும் போடலாமாமே?

#18 உப்பளத்தான்

இதுக்கு நான் பதில் சொல்லுதேன். மூணு தலைமுறையா புத்தளம் அளத்துல பாத்தி கட்டுன குடும்பம். கடல்ல எடுத்தாலும் மலையில வெட்டினாலும் உப்பு உப்புதான். ரெண்டுலயும் முக்கால்வாசிக்கு மேல அதே சோடியம் குளோரைடு. ரோஸ் கலர்ல இருக்கிறது இத்துணூண்டு மத்த தாதுவால. விலை மட்டும் பல மடங்கு. அயோடினும் சேத்திருக்க மாட்டாங்க.

#19 தொட்டிப்பாலம்

பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்புன்னு ஒண்ணு கிடைக்கும், அது வேற. சீனாவுல 600 கிராமத்துல, கிட்டத்தட்ட 21,000 பேருக்கு, முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்து குடுத்துப் பாத்தாங்க. 2021ல முடிவு வந்துது, பக்கவாதம் 14 சதவீதம் குறைஞ்சுது. ஆனா கிட்னி கோளாறு உள்ளவங்க, டெல்மிசார்டன் மாதிரி மாத்திரை போடுறவங்க டாக்டர்ட்ட கேக்காம தொடப்பிடாது. தக்கலை அம்மைக்கு இப்ப கண்டிப்பா வேண்டாம்.

#20 கசாயப்பாட்டா

சரி, உப்பு சமாச்சாரம் ஒத்துக்கிடுதேன். எங்க பாட்டா கருவாடே தொட மாட்டாவ, இப்பதான் யோசிக்கேன். ஆனா செம்பருத்தியையும் வெள்ளப்பூடையும் யாரும் ஒண்ணும் சொல்லலியே. பீட்ரூட்டும் நல்லதுன்னு பேத்தி சொல்லுதா.

#21 ஓய்வுகம்பவுண்டர்

பாட்டா, மூன்றிலும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, கொஞ்சம் நெளிவு சுளிவோடு.

வெள்ளைப்பூண்டு: பிரஷர் உள்ளவர்களிடம் செய்த பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் மேல் எண் சராசரியாக 8 வரை இறங்கியிருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அவை பூண்டுப் பொடி, பதப்படுத்திய சாறு அடைத்த குளிகைகள். நம்முடைய சுட்ட பூண்டு அதற்கு ஈடா என்று கணக்குப் போட வழியில்லை. சமையலில் தாராளமாகப் போடுங்கள். ஆஸ்பிரின், வார்ஃபரின் போடுகிறவர்கள் குளிகையாக விழுங்க வேண்டாம், ரத்தம் உறைவது தாமதப்படும்.

செம்பருத்தி: இங்கேதான் பெயர்க் குழப்பம். 2010இல் அமெரிக்காவில் 65 பேருக்கு ஆறு வாரம், தினம் மூன்று கோப்பை கொடுத்துப் பார்த்த தேநீர் நம் வீட்டு வேலிச் செம்பருத்தி அல்ல. அது சிவப்புப் புளிச்சையின் புல்லி. கேரளப் பக்கம் மத்திப்புளி, மீன்புளி என்பார்கள், குழம்பிலும் போடுவார்கள். குடித்தவர்களுக்கு மேல் எண் 7 இறங்கியது, வெறும் சாயத்தண்ணீர் குடித்தவர்களுக்கு 1 சொச்சம். இரண்டும் ஒரே பேரினம் என்பதால் ஒன்றின் பலனை மற்றதற்கு எழுதிக்கொடுக்க முடியாது.

பீட்ரூட்: இது எனக்குப் பிடித்த கதை. பீட்ரூட்டிலும் தண்டங்கீரை மாதிரிக் கீரைகளிலும் நைட்ரேட் உண்டு. அது ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து எச்சிலில் ஊறி, நாக்கின் பின்புறம் குடியிருக்கும் பாக்டீரியாக்களால் நைட்ரைட் ஆகிறது. அதை விழுங்கினால் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறி ரத்தக்குழாயை விரிக்கிறது. லண்டனில் 2015இல் வெளியான சோதனையில் 64 நோயாளிகளுக்கு நாலு வாரம் தினம் 250 மில்லி சாறு கொடுத்தார்கள், மேல் எண் 8 அளவு இறங்கியது. கிருமிநாசினி வாய்கொப்பளிப்பு மருந்தால் தினம் கொப்பளித்தால் அந்தப் பாக்டீரியாக்கள் செத்து, பலன் பெருமளவு போய்விடும். ஆனால் பீட்ரூட்டிலும் ஆக்சாலேட் இருக்கிறது. தக்கலை அம்மாவுக்கு இப்போது அதுவும் சாறாக வேண்டாம். துவரனாக, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள.

#22 குளச்சல்கரை

நாக்குல இருக்கிற கிருமி பிரஷரைக் குறைக்குதா! இதை அப்பன்ட்ட சொன்னா இனி பல்லே தேய்க்க மாட்டாரு.

#23 மட்டிப்பழம்

இந்த இழையைப் பாத்துட்டு மாமாவுக்கு ஒண்ணு கேக்கேன். அவருக்கு மாத்திரை ஒழுங்கா போட்டும் ரெண்டு மாசமா பிரஷர் இறங்கல்ல. உப்பும் குறைச்சாச்சு. தொண்டைக் கரகரப்புக்குத் தினம் அதிமதுரம் வாயில அடக்கிக்கிடுவாரு, அதைத் தவிர ஒரு கெட்ட பழக்கம் இல்ல.

#24 ஓய்வுகம்பவுண்டர்

அந்த நல்ல பழக்கம்தான் காரணமாக இருக்கலாம். அதிமதுரத்தில் கிளிசிரைசின் என்ற பொருள் இருக்கிறது, அந்த இனிப்பே அதுதான். நம் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை சிறுநீரகத்தில் செயலிழக்க வைக்கும் ஒரு நொதி உண்டு. கிளிசிரைசின் அந்த நொதியைத் தடுத்துவிடும். விளைவு, கார்ட்டிசால் வேறொரு ஹார்மோனின் வேடத்தைப் போட்டுக்கொண்டு உப்பையும் தண்ணீரையும் தேக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரஷர் ஏறும், கால் வீங்கும், தசை தளரும். 1940களில் நெதர்லாந்து மருத்துவர் ஒருவர் வயிற்றுப் புண்ணுக்கு இதைக் கொடுத்தபோதுதான் இந்த வீக்கம் முதலில் கண்ணில் பட்டது. பாடகர்கள் எப்போதாவது ஒரு துண்டு அடக்குவது வேறு. தினம், மாதக்கணக்கில் என்றால் டாக்டரிடம் சொல்லி நிறுத்தி, பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரமாவது ஆகும்.

#25 ரப்பர்பால்

பம்பளிமாஸ் பத்தியும் சொல்லிருங்க ஐயா. எங்க தோட்டத்துல மூணு மரம், யாருக்குக் குடுத்தாலும் "மாத்திரையோட ஆகாது"ங்காவ.

#26 ஓய்வுகம்பவுண்டர்

எல்லா மாத்திரைக்கும் இல்லை. கிரேப்ஃப்ரூட்டுக்கும் பம்பளிமாஸுக்கும் குடல் சுவரில் மருந்தைச் சிதைக்கும் ஒரு நொதியை முடக்கும் குணம் உண்டு. ஃபெலோடிபின், நிஃபெடிபின் போடுகிறவர்களுக்கு ரத்தத்தில் மருந்து கூடிப்போய் பிரஷர் தேவைக்கு மேல் இறங்கலாம். அம்லோடிபினில் அந்த விளைவு சிறிது. கொழுப்பு மாத்திரைகளில் சிலவற்றுக்கும் ஆகாது. சீட்டைக் காட்டிக் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.

#27 தக்கலைக்காரன்

ஏழு வாரம் ஆச்சு, எல்லாரும் கேட்டிருந்திய, அதான் மொத்தமா எழுதுதேன்.

அஞ்சாம் நாள் கிரியாட்டினின் 1.2. ஒரு மாசத்துல 0.9, பொட்டாசியம் 4.4. டெல்மிசார்டன் 40க்கே திரும்பிட்டாரு டாக்டர், அம்லோடிபினை நிறுத்திட்டாரு. தினமும் ஒரு இளநி குடிக்க வேண்டாம், எப்பவாவது போதும்னு சொல்லியிருக்காரு.

உப்புக்கு ஒரு வேலை செஞ்சோம். அம்மை எப்பவும் கையால அள்ளித்தான் போடுவா. கண் பாத்தா கை பேசும்பா. அந்தக் கையை நிறுத்த முடியாது. அதனால காலையில அந்த நாளைக்கு உள்ள மொத்த உப்பையும் நாலு தேக்கரண்டி அளந்து ஒரு சிரட்டையில போட்டு அடுப்பு மேடையில வச்சிருவேன். அதிலிருந்து எப்படி வேணும்னாலும் அள்ளிக்கோ, தீந்தா தீந்துது. முதல் வாரம் மத்தியானத்துக்கே சிரட்டை காலி. ராத்திரி கஞ்சி உப்பில்லாம. அப்பன் எந்திரிச்சுப் போய்ட்டாரு. மூணாவது வாரத்துலேருந்து சிரட்டையில கொஞ்சம் மிஞ்ச ஆரம்பிச்சுது. மாங்காய் பரணியைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பியாச்சு. கருவாடு மாசத்துல ரெண்டு நாள், அதுவும் வெந்நியில ஊறவச்சு அந்த வெள்ளத்தைக் கொட்டிட்டு.

உப்பு குறைஞ்ச இடத்துக்கு என்ன வந்துது தெரியுமா? புளிஞ்சிக்காய்தான். தடியங்காய் கூட்டுலயும் மீன்லயும் ரெண்டு மூணு கீறல். டாக்டர்ட்ட கேட்டேன், குழம்புக்கு அந்த அளவு போதும், வேற ரூபத்துல வேண்டாம்னாரு.

போன வாரச் சராசரி, காலையும் சாயங்காலமும் ஏழு நாள், தொட்டிப்பாலம் அக்கா சொன்னபடி: 131/81.

#28 தொட்டிப்பாலம்

கொள்ளாம்! சிரட்டை யோசனையை எங்க வார்டுல சொல்லப்போறேன். ஆனா மாத்திரையா சிரட்டையான்னு பிரிச்சுப் பாக்க முடியாது, ரெண்டும் சேந்த கணக்கு. நம்பரைக் கண்டு மறுபடியும் அட்டையை மறைச்சு வைக்கப் போறாங்க, எண்ணிட்டே இருங்க.

#29 கசாயப்பாட்டா

நல்ல செய்தி. எனக்க ஒரு குறை மட்டும் பாக்கி. அந்தச் சித்திக்க மாப்பிள்ளைக்கு மாத்திரையே நின்னுபோச்சுன்னு சொன்னியளே, அவருக்கு ஜூஸ் கேட்டுதா இல்லியா?

#30 தக்கலைக்காரன்

பாட்டா, அதைக் கேக்கத்தான் ஞாயித்துக்கிழமை நேர்ல போனேன். ஜூஸை நிறுத்தச் சொல்லணுமே.

சித்தப்பா ரெண்டே நாள்தான் குடிச்சாராம், நெஞ்செரிச்சல் தாங்காம மூணாம் நாள்லேருந்து வாழை மூட்டுல ஊத்தியிருக்காரு. சித்திக்கு அது தெரியாது. பிரஷர் மாத்திரை நின்னுதான்னு கேட்டேன். மேசை டிராயரைத் திறந்து காட்டினாரு. அரசாங்கத்துக்க 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போற அட்டை, ஒண்ணு விடாம போட்டிருக்காரு. மெடிக்கல்ல காசு குடுத்து வாங்குறதைத்தான் நிறுத்தியிருக்காரு. சித்தி அதைப் பாத்துட்டு மாத்திரையே நின்னுபோச்சுன்னு ஊரு முழுக்கச் சொல்லியிருக்கா.

அந்த வாழை குலை தள்ளியிருக்கு. செந்துளுவன்.